ஒழுக்கத்தின் விலையை யார் கொடுப்பது?

விளையாட்டு மனிதனுக்கு ஒழுக்கத்தைக் கற்பிக்கிறது என்பது உலகெங்கும் வழங்கும் பேச்சு. பள்ளி ஆண்டு விழா மேடைகளில் அதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கற்பிக்கிறது என்றால் யாருக்குக் கற்பிக்கிறது? ஆடுகின்ற இளைஞனுக்கு மட்டுமா, ஆட்டுவிக்கின்ற பெரியோருக்குமா? இக்கேள்வியை உரசிப் பார்ப்பதற்கு அமெரிக்க நாட்டின் கல்லூரிக் கால்பந்தைப் போன்ற உரைகல் வேறில்லை என்று கருதுகிறோம். ஒழுக்கம் என்னும் சொல்லும் பணம் என்னும் பொருளும் அங்கே ஒரே களத்தில் நிற்கின்றன.

முதலில் அவ்வாட்டத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பெயர் கால்பந்து, ஆயினும் பந்தைக் கையிற் பற்றி ஓடுவதும், எறிவதும், எதிரியை மோதி வீழ்த்துவதுமே அதன் பெரும்பகுதி. பக்கத்துக்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திச் செல்பவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். நம் நாட்டில் கல்லூரிகளுக்கிடையே ஆட்டம் என்றால் மரநிழலில் நூறு பேர் நின்று பார்ப்பர். அங்கோ மிச்சிகன், ஓஹாயோ, பென்சில்வேனியா, அலபாமா ஆகிய இடங்களின் பல்கலைக்கழக அரங்குகளில் ஒரு லட்சம் பேர் அமர்கின்றனர். ஒளிபரப்பு உரிமைக்குத் தொலைக்காட்சி நிறுவனங்கள் கோடிக்கணக்கான டாலர்களைக் கொட்டுகின்றன. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுவோருள் ஆளுநரைக் காட்டிலும் பன்மடங்கு பெறுபவர் கால்பந்துப் பயிற்சியாளரே! அவரை இளைஞர்களின் குணத்தை வார்ப்பவர் என்று புகழ்வர். ஆனால் அவர் பதவியில் நிலைப்பது வெற்றியினால். புகழுரையும் வெற்றியும் ஒத்துப் போகும் நாட்களில் தொல்லையில்லை. பெரிய ஆட்டத்துக்கு முந்திய வாரத்தில் குழுவின் தலைசிறந்த வீரன் தவறு செய்து அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது? அவ்வீரன் தன் சோதனையில் முன்பே தோற்றுவிட்டான். இனிச் சோதனை பயிற்சியாளருக்கு அன்றோ?

1963ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அத்தகைய சோதனை ஒன்று நேர்ந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பால் பிரையன்ட். இளமையில் கரடியோடு மற்போர் செய்தவர் என்பதால் கரடி என்னும் பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அவருடைய குவார்ட்டர்பேக் ஜோ நேமத் என்னும் இருபது வயது இளைஞர், பென்சில்வேனியாவைச் சேர்ந்த எஃகுத் தொழிலாளி ஒருவரின் மகன். குழுவின் விதிக்கு மாறாக நேமத் மது அருந்தினார் என்ற செய்தி பயிற்சியாளரின் செவிக்கு எட்டியது. அழைத்துக் கேட்டார். நேமத் மறைக்கவில்லை. அவ்வாண்டில் இரண்டு போட்டிகள் மீதமிருந்தன: ஒன்று மயாமிக்கு எதிரானது, மற்றொன்று புத்தாண்டு நாளில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மிசிசிப்பிக்கு எதிராக நடக்கவிருந்த சுகர் பவுல் என்னும் புகழ்பெற்ற போட்டி. சிறிய தண்டனை போதும் என்று வேண்டிய உதவிப் பயிற்சியாளர்களும் இருந்தனர். பிரையன்ட் இரண்டு போட்டிகளிலிருந்தும் நேமத்தை விலக்கினார்.

அலபாமா இரண்டிலும் வென்றது. மயாமியை 17–12 என்றும், மிசிசிப்பியை 12–7 என்றும் வீழ்த்தியது. அடுத்த ஆண்டு நேமத் திரும்பி வந்தார். 1964இல் அலபாமா நாட்டின் முதற்குழுவாக அறிவிக்கப்பட்டது. இவ்வெற்றிகளைக் காட்டி, அறம் செய்தவர்க்கு அறமே கைம்மாறு தந்தது என்று சொல்வோர் பலர். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். அது குழந்தைகளைத் தூங்க வைக்கச் சொல்லும் கதை. தண்டனை கொடுத்த வேளையில் பிரையன்டுக்கு வெற்றி கிட்டும் என்பது தெரியாது. தோற்கவும் கூடும் என்று தெரிந்தே கொடுத்தார். அச்செயலின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. 12–7 என்பது 7–12 என்று முடிந்திருந்தாலும் அம்மதிப்பில் ஓர் அணுவும் குறைந்திராது.

ஆயினும் இக்கதையை இங்கேயே நிறுத்திக் கைதட்டிவிட நம்மால் இயலவில்லை. அதே 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், அதே பல்கலைக்கழகத்தில், விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்னும் கறுப்பின மாணவர் இருவரைச் சேர்க்க விடமாட்டேன் என்று மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் நின்று மறித்தார். மத்திய அரசின் படைபலம் வந்த பின்பே அவர் விலகினார். கால்பந்துக் குழுவிலோ அப்போது கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. உதவித்தொகையோடு முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட வில்பர் ஜாக்சன் முதன்மைக் குழுவில் களமிறங்கியது 1971இல். மது அருந்தியவருக்கு இரண்டு போட்டிகளுக்குக் கதவு அடைக்கப்பட்டது. ஒரு குற்றமும் செய்யாதவருக்கு அக்கதவு அதுவரையில் திறக்கப்படவே இல்லை. குளத்து நீரும் கோயில் தெருவும் மறுக்கப்பட்டோரின் பேரர்களாகிய நாம் இதைப் பக்கத்தின் அடியில் வரும் சிறு குறிப்பாக வாசித்துக் கடந்துவிட முடியுமா? உள்ளே இருப்போருக்குள் கடைப்பிடிக்கப்படும் கட்டுப்பாடு எவ்வளவு கடுமையாயினும், வெளியே நிறுத்தப்பட்டோரை அது எண்ணிப் பார்த்ததா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பிரையன்ட் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அவர் செய்த நல்ல செயலை அதன் முழு அளவில் காட்டுகிறோம். கூட்டியும் குறைத்தும் காட்டவில்லை.

இனி, அதே சுகர் பவுல் போட்டிக்கு நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து வருவோம். 2010 டிசம்பரில் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வீரர் ஐவர், தமக்குக் கிடைத்த பரிசுப் பொருள்களை விற்றும், உடலில் பச்சை குத்திக்கொள்வதற்கு மாற்றாகக் கொடுத்தும் விதியை மீறினர் என்று தீர்ப்பாயிற்று. குவார்ட்டர்பேக்கும் அவர்களுள் ஒருவர். ஐந்து போட்டிகளுக்கு விலக்கு என்பது தண்டனை. எந்த ஐந்து போட்டிகள்? அடுத்த பருவத்தின் முதல் ஐந்து! இடையில் நின்ற சுகர் பவுலில் அவர்கள் ஆடலாம் என்று கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கமே இசைவளித்தது. 2011 ஜனவரி 4ஆம் நாள் ஆடினர். ஆர்கன்சாவை 31–26 என்று வென்றனர். பின்னர்தான் உண்மை வெளிவந்தது: பயிற்சியாளர் ஜிம் ட்ரெஸ்ஸல் இச்செய்தியை 2010 ஏப்ரலிலேயே அறிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. 2011 மே மாதத்தில் அவர் பதவி துறந்தார்; குவார்ட்டர்பேக்கும் கல்லூரியை விட்டகன்றார்; அவ்வெற்றி ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டது. தண்டனை உண்டு, ஆனால் நமக்கு நட்டம் வராத நாளில் உண்டு என்றால், அவ்விளைஞர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது யாது?

நூற்பாலையில் நாம் பணி செய்த காலத்தில் இதை வேறு உருவில் பார்த்திருக்கிறோம். சங்கு ஊதி ஐந்து நிமிடம் கழித்து வாயிலுக்கு ஓடிவரும் பெருக்குக்காரப் பெண்ணுக்கு அரைநாள் கூலி போய்விடும். அவள் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பலகையில் எழுதிய விதி விதிதான். ஆனால் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே பழுதைக் கண்டுபிடிக்கும் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். அவர் குடித்துவிட்டு வந்தால் மேஸ்திரி அவரைப் பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால் படுக்க வைத்து, வருகைப் பதிவில் பெயரையும் குறித்துவிடுவார். அவரைப் போல் வேறொருவர் கிடைப்பது அரிது. பெருக்குவதற்கு ஆள் எளிதில் கிடைக்கும். இதைத் தினமும் பார்த்த பயிற்சித் தொழிலாளிகள் பலகையைப் படித்து ஒழுக்கம் கற்கவில்லை. பொதிகளுக்குப் பின்னால் பார்த்துக் கற்றனர்.

இங்கே கருணை பேசுவோர் ஒரு கேள்வி எழுப்புவர். வழி தவறிய இளைஞனை வெளியே தள்ளிவிட்டால் அவன் மேலும் கெடமாட்டானா? இது புறந்தள்ளத்தக்க கேள்வி அன்று. 1995ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்ன் முன்வைத்த வாதம் இதுவே. அவருடைய வீரர் லாரன்ஸ் பிலிப்ஸ் பெற்றோர் அரவணைப்பின்றிக் காப்பகத்தில் வளர்ந்தவர், ஓட்டத்தில் ஈடிணையற்றவர். அவ்வாண்டு செப்டம்பரில், தம்மோடு முன்பு பழகிய மாணவி ஒருவரை அவர் கொடுமையாகத் தாக்கினார். கால்பந்து ஒன்றே அவர் வாழ்வுக்குப் பற்றுக்கோடு, அதையும் பறித்தால் அவர் அழிவார் என்றார் ஆஸ்பர்ன். ஆறு போட்டிகள் விலக்கி வைத்த பின் பிலிப்ஸ் மீண்டும் சேர்க்கப்பட்டார். 1996 ஜனவரி 2ஆம் நாள் ஃபியஸ்டா பவுலில் நெப்ராஸ்கா ஃபுளோரிடாவை 62–24 என்று நொறுக்கி நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. பிலிப்ஸ் அன்று 165 கெஜம் ஓடினார். அந்த ஆரவாரம் அடிபட்ட பெண்ணின் செவிக்கு எட்டாமல் இருந்திருக்குமா?

ஆஸ்பர்னின் உள்ளத்தில் இரக்கம் இல்லை என்று சொல்ல நாம் துணியமாட்டோம். ஆனால் இரக்கமும் இலாபமும் ஒரே திசையில் இழுக்கும்போது, தன்னை எது இழுக்கிறது என்று அறிவது எவருக்கும் அரிது. இந்த இடத்தில் அங்குலிமாலனின் வரலாறு நமக்கு நினைவு வருகிறது. கொலைஞனாயிருந்த அவனைப் பகவான் சங்கத்தில் ஏற்றார். அரசன் பசேனதியும் தண்டிக்காது விட்டான். அதைவிடப் பெரிய கருணை ஏது? ஆயினும் பிட்சைக்குச் சென்ற நாளில் எறியப்பட்ட கல்லும் கழியும் ஓடும் அவன்மேல் பட்டுத் தலை உடைந்து குருதி வடிய அவன் வந்து நின்றபோது, பொறுத்துக்கொள், உன் வினையின் பயனை இங்கேயே அனுபவிக்கிறாய் என்ற பொருள்படவே பகவான் கூறினார். மறுவாழ்வு கிடைத்தது, ஆனால் அவனுடைய வாளை எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. வாள் வீச்சில் அவன் வல்லவனாயிற்றே, அதுவே அவனுக்குப் பற்றுக்கோடு என்று எவரும் வாதிடவும் இல்லை. பிலிப்ஸுக்கு வேண்டியிருந்தது படிப்பும், மருத்துவமும், உடனிருந்து திருத்தும் பெரியோரும். இவற்றை ஆடுகளத்துக்கு வெளியேயும் கொடுத்திருக்கலாம். கொடுக்கப்பட்டதில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது பந்து. 1996இல் தொழில்முறைக் குழு ஒன்று அவரை ஆறாவது தெரிவாக எடுத்துக்கொண்டது. இரண்டாண்டு நிறையுமுன்பே சலித்து விடுவித்தது. குற்றங்கள் தொடர்ந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்று, சிறையில் ஒரு கொலைக் குற்றச்சாட்டுக்கும் உள்ளாகி, 2016 ஜனவரியில் சிறை அறையிலேயே இறந்து கிடந்தார். வயது 40. அந்த ஒரு முடிவுதான் அவரைக் கெடுத்தது என்று கூறுவது நேர்மையாகாது. அது அவரைக் காக்கவில்லை என்பது மட்டும் திண்ணம்.

இன்னொரு முறைகேட்டையும் காணுங்கள். டல்லஸ் நகரத்துச் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆட்டக்காரர் 13 பேருக்கு, ஊர்ச் செல்வர் கொடுத்த பணத்திலிருந்து ஏறத்தாழ 61,000 டாலர் மறைவாகக் கொடுக்கப்பட்டது. முன்பே தண்டனையில் இருந்த குழு அது. ஆகவே 1987இல் அதன் பருவம் முழுவதையும் தேசியச் சங்கம் நீக்கியது; 1988இல் பல்கலைக்கழகமே ஆடாது விட்டது. மரண தண்டனை என்றே இதற்குப் பெயர் வந்தது. ஏழை இளைஞர்களின் உழைப்பால் அரங்கம் நிறைந்தது. அவர்கள் கையில் சிறிது பணம் வந்தது குற்றமாயிற்று. இன்றோ, 2021 முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவையும் கொண்டு பொருள் ஈட்டலாம்; 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். இதே குற்றத்துக்காக 2010இல் விருதை இழந்த ரெஜி புஷ் என்பவருக்கு 2024இல் அவ்விருது திரும்பக் கொடுக்கப்பட்டது. வினயத்துக்கு உரை எழுதிய பெரியோர் லோகவஜ்ஜம், பண்ணத்திவஜ்ஜம் என்று குற்றத்தை இருவகையாகப் பிரித்தனர். உலகத்து அறிவுடையோர் எங்கும் பழிக்கும் தீமை முதலாவது; ஒரு கூட்டம் தன் ஒழுங்குக்காக வகுத்த விதியைக் கடப்பது இரண்டாவது. இரண்டுக்கும் பயன் உண்டு. ஆனால் விதி மீறலுக்கு இரண்டு பருவங்கள், ஒரு பெண்ணை அடித்ததற்கு ஆறு போட்டிகள் என்று எடை போட்ட தராசைப் பற்றி என்ன சொல்வது?

டல்லஸ் தண்டனையைச் சுமந்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பணம் கொடுப்பதைத் தொடரலாம் என்று பல்கலைக்கழக ஆட்சிக்குழுவினரே இசைந்திருந்தனர் என்பதை அக்குழுவின் தலைவராயிருந்த பில் கிளமென்ட்ஸ் 1987 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். கூறியபோது அவர் டெக்சாஸ் மாநிலத்தின் ஆளுநர்! பதவிக்காலம் முடியும்வரை ஆளுநராகவே இருந்தார். ஒரு காசும் வாங்காத ஆட்டக்காரர்கள் ஊர் ஊராக வேறு கல்லூரி தேடினர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் இதே நிலை. அங்கே உதவிப் பயிற்சியாளர் ஒருவர் ஆண்டுக்கணக்காகச் சிறுவர்களைச் சீரழித்தார். மேலிருந்தோர் குழந்தைகளைக் காக்கத் தவறினர். 2012இல் 6 கோடி டாலர் அபராதம், இறுதிப் போட்டிகளுக்குத் தடை, 1998 முதல் பெற்ற 112 வெற்றிகள் நீக்கம் என்று தண்டனை வந்தது. அந்த ஆண்டு ஆடிய இளைஞர்கள் 1998இல் பால்பற்கள் விழாத குழந்தைகள். நீக்கிய வெற்றிகளையோ 2015இல் திரும்ப எழுதிக்கொண்டனர். ஏட்டில் அடித்துத் திருத்துவது எவரையும் சுடாது. அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் முதலிய மூவர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாக நின்ற 2017ஆம் ஆண்டையே நாம் உண்மையான விளைவு என்போம்.

இதற்கு நேர்மாறான ஒன்று 1951இல் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் நடந்தது. தேர்வு வினாக்களை முன்கூட்டியே பகிர்ந்துகொண்டோரும், அறிந்தும் அறிவிக்காதோருமாகத் தொண்ணூறு பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் கால்பந்து வீரர் பலர்; தலைமைப் பயிற்சியாளர் ஏர்ல் பிளெய்க்கின் சொந்த மகனும் ஒருவர். அவ்வாண்டு அக்குழு ஒன்பது ஆட்டங்களில் இரண்டே வென்றது. தண்டனை மிகக் கடுமையானது என்று வாதிடுவோர் உண்டு. அறிந்தும் அறிவிக்காதவனை ஏமாற்றியவனோடு ஒன்றாக வைத்தது சரியா என்பதில் நமக்கும் ஐயம் உண்டு. ஆனால் ஒவ்வொருவனும் தன் செயலுக்காகவே போனான். நட்டம் கல்லூரியையும் பயிற்சியாளரின் வீட்டையும் சேர்த்தே தாக்கியது.

இக்காலத்தில் பயிற்சியாளரின் பிடி தளர்ந்துவிட்டது. படிப்பில் தகுதி உள்ள வீரர் எத்தனை முறையும் கல்லூரி மாறலாம் என்று 2024இல் விதி வந்தது. உழைப்பவனுக்கு விரும்பிய இடம் செல்லும் உரிமை கிடைத்ததை, ஆலையில் உழைத்த நாம் வரவேற்கவே செய்வோம். ஆனால் இன்று ஒரு பிரையன்ட் ஒரு நேமத்தை விலக்கினால், மறுவாரமே வேறொரு கல்லூரி பணப்பையோடு வாசலில் நிற்கக் கூடும். அப்படியானால் கட்டுப்பாட்டின் கடிவாளம் யார் கையில் இருக்கிறது?

கோசம்பியில் பிக்குகள் இரு கூறாகப் பிரிந்து சண்டையிட்ட செய்தியை அன்பர்கள் அறிவர். கழுவுநீர்ப் பாத்திரத்தில் மிச்சம் விட்ட சிறிது நீர் காரணம்! பகவானே வந்து சொல்லியும் கேட்கவில்லை. அவர் பாரிலேய்யக வனத்துக்குச் சென்றுவிட்டார். பின் அவர்களைத் திருத்தியவர் யார்? ஊர்மக்கள். இவர்களால் அன்றோ பகவான் நம்மை விட்டுப் போனார் என்று கூறி, வணங்குவதை நிறுத்தினர். பிட்சை இடுவதையும் நிறுத்தினர். வயிறு காய்ந்தபின் பிக்குகள் சாவத்திக்கு நடந்துபோய்ச் சண்டையைத் தீர்த்துக்கொண்டனர். அவ்வுபாசகர்களுக்கும் அதில் இழப்பு உண்டு. தானம் கொடுக்கும் புண்ணியத்தைச் சில நாள் அவர்கள் இழந்தனர். அந்த இழப்பை ஏற்கத் துணிந்தனர். சீட்டு வாங்கி அமர்ந்திருக்கும் ஒரு லட்சம் பேரில் எத்தனை பேர், குற்றம் செய்த வீரன் களத்தில் இறங்கும் நாளில் எழுந்து வெளியே போவர்?

சதர்ன் மெதடிஸ்ட் குழு 2024இல் ஒரு பெரிய போட்டித் தொகுதியில் மீண்டும் இடம் பெற்றது. அதற்காக ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கு வேண்டாம் என்று அது இசைந்தது. அக்குறையை ஈடுசெய்ய அந்நகரச் செல்வர்கள் சில நாட்களில் பத்துக் கோடி டாலர் திரட்டினர். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள், பன்னிரண்டு குழுக்கள் மோதும் இறுதிச் சுற்றில் அதற்கு எதிரே நின்ற குழு பென் ஸ்டேட். கடுங்குளிரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டிருந்தனர். பென் ஸ்டேட் 38–10 என்று வென்றது. களத்தில் ஓடிய இளைஞருள் ஒருவரும் 1987இல் பிறந்திருக்கவில்லை. 2012இல் அவர்கள் சிறுவர்கள். அந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருக்கக் கூடியவர்கள் இருக்கைகளில் அமர்ந்திருந்தனர்.